ஐந்து வாட்டும் ஜொகூர்க் கடலோரமும்

வீட்டில் நூறு வாட் பெட்டி இருக்கும்போது ஐந்து வாட்டைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போவானேன் என்று ஹாம் ரேடியோக்காரர்களில் பலர் கேட்பார்கள். குறைந்த திறனில் பேசுவது வீம்புக்குச் செய்கிற வேலை என்பது அவர்கள் எண்ணம். ஜொகூர் பாருவின் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியிருப்பவரைப் பொறுத்தவரை இது தலைகீழ் என்பேன். அவருக்குப் பூங்காவில் கிடைக்கும் ஐந்து வாட், வீட்டில் கிடைக்கும் நூறு வாட்டுக்குப் பெரும்பாலும் சளைத்ததல்ல. சரியான இடத்தில், சரியான அலைவரிசையில் நின்றால் அதை மிஞ்சவும் செய்யும். ரசனையை ஒதுக்கிவிட்டு டெசிபெல் கணக்கைப் போட்டாலே இது தெரிந்துவிடும்.

நூறிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபெல். சிக்னல் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆக, எதிர்முனையில் ஏழாம் படியில் கேட்டவர் ஐந்தாம் படிக்குச் சற்றுக் கீழே கேட்பார், அவ்வளவுதான். குறைதிறன் என்று உலகம் ஒப்புக்கொண்ட வரம்பு மோர்ஸுக்கு 5 வாட், பேச்சுக்கு 10 வாட். இந்த ஐந்துக்கும் பத்துக்கும் இடையே உள்ளது மூன்றே டெசிபெல், அதாவது அரைப் படி. இதற்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இனி வீட்டுப் பக்கத்தைப் பார்ப்போம். இருபது, இருபத்திரண்டு அடி அகல வரிசை வீட்டில் 7 மெகாஹெர்ட்ஸுக்கான இருபது மீட்டர் டைபோலை நேராகக் கட்ட வழியில்லை. கூரை விளிம்பை ஒட்டி மடித்து, பக்கத்து வீட்டுக் கம்பிவேலிக்கு மேலே தாழ்வாக இழுத்தால் பாதித் திறன் தரைக்கும் சுவருக்கும் போய்விடும். அடுக்குமாடிக்காரர் நிலை இன்னும் மோசம். நூறு வாட் போட்டாலும் வெளியே போவது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

இரைச்சலும் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், கூரைச் சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் கரகரக்கும். மனிதர் உண்டாக்கும் வானொலி இரைச்சலுக்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் கணக்குப்படி, 14 மெகாஹெர்ட்ஸில் குடியிருப்புப் பகுதிக்கும் சாதாரண ஊர்ப்புறத்துக்கும் வேறுபாடு சுமார் 5 டெசிபெல், ஆளரவமற்ற அமைதியான நாட்டுப்புறத்துக்கும் குடியிருப்புக்கும் சுமார் 20 டெசிபெல். இதில் ஒரு பகுதியை விண்வெளி இரைச்சலும் தூரத்து மின்னலும் விழுங்கிவிடும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். அதனால் பூங்கா என்று பெயர் இருந்தாலே போதாது. நகருக்குள் இருக்கும் ஹூத்தான் பண்டாரில் வீட்டைவிட ஒரு படி நிம்மதி கிடைத்தால் பெரிது. எண்டாவ் ரொம்பின் காடு வேறு உலகம். உயரமான இடம்தான் நல்லது என்பதும் சிற்றலைக்குப் பொருந்தாது. 654 மீட்டர் உயரக் குனோங் பூலாய் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. சிறிய பெட்டிகளின் ரிசீவர் அந்த வெள்ளத்தில் திணறிப்போகும்.

இங்கேதான் கூர்மையான மறுப்பு எழுகிறது. பூங்காவின் அமைதி என் காதுக்குத்தான் உதவும், எதிர்முனைக்காரர் காதுக்கு அல்ல. அவர் தன் ஊர் இரைச்சலுக்குள் உட்கார்ந்து என் ஐந்து வாட்டைத் தேடுகிறார். நான் எல்லோரையும் கேட்பேன், என்னை யாரும் கேட்கமாட்டார்கள். இந்த மறுப்பு முழுக்க நியாயமானது, குறைதிறன்காரர்கள் பலர் மனம் தளர்வதும் இதனால்தான். ஆகவே என் பக்கத்தில் செய்யக்கூடிய எல்லாமே எதிர்முனைக்குப் போய்ச் சேரும் அலையைக் கூட்டுவதாக இருக்க வேண்டும். அதற்கு அலைவரிசை, இடம், பேசும் முறை என்று மூன்று வழிகள் உண்டு. பெட்டியின் விலை இந்தப் பட்டியலில் இல்லை.

அலைவரிசையில் ஜொகூர்க்காரருக்கு இயற்கை தந்திருக்கும் சலுகையைப் பலர் பயன்படுத்துவதில்லை. பழக்கத்தால் 7 மெகாஹெர்ட்ஸுக்கே போகிறார்கள். காலையிலும் பிற்பகல் கடைசியிலும் கோலாலம்பூர், பினாங்கு நண்பர்களோடு பேச அது அருமையானதுதான். இந்தோனேசியக் குரல்களும் அங்கே எந்நேரமும் நிறைந்திருக்கும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே, நடுப்பகலில் சூரியன் தலைக்குமேல் நிற்கும் ஊர் இது. அயனிமண்டலத்தின் கீழடுக்கு அப்போது அலைகளை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் அலைவெண்ணின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் 21 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 7 மெகாஹெர்ட்ஸில் ஆவதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அதே சூரியன் மேலடுக்கை வலுவாக்கி, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் திருப்பி அனுப்பும் தகுதியைக் கொடுக்கிறது. காந்த நடுக்கோடு நமக்கு வடக்கே தெற்குத் தாய்லாந்து வழியாகப் போகிறது. அதன் இருபுறமும் உலகிலேயே அடர்த்தியான அயனிமண்டலம் இருக்கிறது. வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கு 21 மெகாஹெர்ட்ஸ் செத்துக்கிடக்கும் நாளிலும் இங்கே உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம்.

கம்பத்தின் உயரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தோளில் தூக்கிப்போகக்கூடிய ஏழு மீட்டர் தூண்டில் கம்பு 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஆறில் ஒரு பங்கு உயரம்தான். அலை நேரே வானத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே இறங்கும். அதே கம்பு 21 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக அரை அலைநீளம். அலை தாழ்வாகப் பாய்ந்து தூரம் போகும். டைபோலின் மொத்த நீளமோ ஏழு மீட்டருக்கும் குறைவு, ஒரு கைக்கு சுமார் 3.4 மீட்டர். பி.வி.சி. உறைபோட்ட கம்பியானால் இன்னும் சில விழுக்காடு குறைத்து வெட்ட வேண்டும். தூண்டில் கம்பு வாங்கும்போது ஃபைபர்கிளாஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தி ஆன்டெனாவைக் கெடுக்கும். நுனித் துண்டு நாணல்போல வளையுமென்பதால் அதை உருவி வீட்டிலேயே வைத்துவிட்டு, அடுத்த துண்டின் தலையில் கம்பியைச் சுற்றி டேப் ஒட்டுவது நல்லது. இன்னொன்று, மெல்லிய ஆர்.ஜி.174 கேபிள் பையில் இடம் பிடிக்காது என்று பத்து மீட்டர் எடுத்துப்போனால் 21 மெகாஹெர்ட்ஸில் சுமார் ஒன்றரை டெசிபெல் அதிலேயே கரையும். ஐந்து வாட்டில் ஏறக்குறைய ஒன்றரை வாட் கேபிளைச் சூடாக்கத்தான். நூறு வாட்காரருக்கு இது பெரிதில்லை, நமக்குப் பெரிது.

இடம் என்றால் எனக்கு முதலில் கடலோரம், மலையெல்லாம் அப்புறம்தான். கடல்நீர் சாதாரண மண்ணைவிட ஆயிரம் மடங்கு அளவில் மின்சாரத்தைக் கடத்தும். நிலத்தில் வைத்த செங்குத்து ஆன்டெனா தாழ்கோணத்தில் இழப்பதைக் கடலோரத்தில் அப்படியே மீட்டுக்கொள்ளலாம். சில டெசிபெல்கள், நிலைமை கூடினால் அதற்கு மேலும், செலவில்லாமல் வந்து சேரும். நிபந்தனை ஒன்றே: தண்ணீரிலிருந்து ஓர் அலைநீளத்துக்குள் நிற்க வேண்டும். 21 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 14 மீட்டர். மெர்சிங், டெசாரு பக்கக் கடற்கரையில் 3.4 மீட்டர் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதே நீளத்தில் மூன்று நான்கு தரைக்கம்பிகளை மணலில் விரித்தால் வேலை முடிந்தது. கிழக்கே தென்சீனக் கடல் விரிந்து கிடக்க, வடகிழக்கே 5,300 கிலோமீட்டரில் தோக்கியோ, அயனிமண்டலத்தில் இரண்டு தாவல். மேற்குக் கரையில் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் இருக்கிறது. 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அலையாத்திக் காடு அது. அங்கே மரத்தில் கயிறு எறிவது, சேற்றில் இறங்குவது இரண்டும் கூடாது. பலகை நடைபாதையின் கைப்பிடியோடு கம்பியைக் கட்டலாமே என்று தோன்றும். தரைக்கம்பியின் முனையில்தான் மின்னழுத்தம் அதிகம். ஐந்து வாட்டானாலும் குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் அதைக் கட்டுவது தவறு. தனியே நிற்கும் கம்பு, பூங்கா ஊழியர் காட்டும் மூலை, கூட்டமில்லாத வார நாள் என்று போவதே முறை.

பேசும் முறையில் மோர்ஸ்தான் என் தேர்வு. பேச்சுக்கு 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 240 ஹெர்ட்ஸ் வடிகட்டி போதும். பத்தில் ஒரு பங்கு அகலம் என்றால் எதிர்முனையில் இரைச்சலும் பத்தில் ஒரு பங்குதான். இழந்த 13இல் 10 டெசிபெல் இங்கேயே திரும்பிவிட்டது, அதுவும் எதிர்முனைக்காரர் காதில். மோர்ஸ் வராதவருக்கு எஃப்.டி.8 இருக்கிறது. 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட இந்த முறை, காதுக்கே எட்டாத அலையையும் 15 வினாடித் துண்டுகளில் பிரித்தெடுக்கும். வெயிலில் மடிக்கணினித் திரையை முறைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வீட்டு நூறு வாட்டையும் கடலோர ஐந்து வாட்டையும் நேர்மையாக ஒப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. எதிர்முனை எத்தனை டெசிபெல்லில் கேட்டது என்று எண்ணாகவே வந்துவிடும். நான் சொல்வதை நம்பாதவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

நேரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உலகப் பூங்கா வானொலித் திட்டத்தில் ஒரு பூங்கா கணக்கில் ஏற, ஒரே உலகநேர நாளுக்குள் பத்துத் தொடர்புகள் வேண்டும். உலகநேர நாள் நமக்குக் காலை எட்டு மணிக்குப் பிறக்கிறது. ஏழரைக்குத் தொடங்கி எட்டுக்கு முன் ஆறு, பின் நான்கு என்று பிடித்தவருக்கு இரண்டு நாளிலும் ஒன்றும் கிடைக்காது. எட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்தாகப் பிடித்தவருக்கு ஒரே காலையில் இரண்டு கணக்கு. ஜொகூர் 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு வந்துவிட்டதால், உலகமே பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் நாள்களில் இங்கேயும் ஓய்வு கிடைக்கிறது. பிற்பகல் இடிமழைக்கு முன் காலையிலேயே முடித்துவிடலாம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலை ஒட்டி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் 'சுமத்ரா' புயற்காற்று காலையையும் விட்டுவைக்காது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைந்தால் கம்பை இறக்கிவிட்டுக் காருக்குள் போக வேண்டும். ஒரு தொடர்புக்காகத் திறந்த மணலில் ஏழு மீட்டர் கம்போடு நிற்பவருக்குச் சொல்ல என்னிடம் புத்தி எதுவும் இல்லை.

எதிர்முனைக்காரரின் பெரிய ஆன்டெனா தோளில் ஏறிச் சவாரி செய்வதுதானே இது என்பார்கள். உண்மைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூங்காவைத் தேடி வருபவர் விரும்பித்தான் தேடுகிறார். இரு பூங்காக்கள் பேசும்போது இரண்டு பக்கமும் அமைதி என்பதால் அந்தக் குறையும் போய்விடும். கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு, அன்றாடத்தில் தேவையே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் 2004 டிசம்பரில் இந்திய ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத்தின் குழுவினர் போர்ட் பிளேருக்குப் போனது பொழுதுபோக்காக வானொலி இயக்கத்தான். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, கையிலிருந்த அதே கருவிகளால் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பினார்கள். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளங்களில் கோத்தா திங்கி மூழ்கியதை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் பேட்டரியும் கம்பியும் கொண்டு அரை மணியில் நிலையம் எழுப்பும் பழக்கம், பூங்காவுக்குப் போகாதவருக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஆபத்து வேளையில் ஐந்து வாட்டே கதி என்று பிடிவாதம் பிடிக்கச் சொல்லவில்லை. கூடுதல் திறன் கையிலிருந்தால் அதைத்தான் போட வேண்டும்.

தொடர்பு பல்லூடக ஆணையம் தந்த உரிமத்தின் நகலைப் பையில் வைத்திருங்கள். உங்கள் வகுப்புக்கு எந்த அலைவரிசை அனுமதி என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் நுழைவுப் பதிவும் அனுமதியும் வேண்டும். எண்டாவ் ரொம்பின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடப்படுவது வழக்கம். இவை ஒருபுறமிருக்க, தமிழ்நாட்டு ஹாம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜொகூரிலிருந்து சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர், ஒரே தாவல். இங்கே காலை பத்தரை என்றால் உங்களுக்கு எட்டு. சனி, ஞாயிறுகளில் அந்த நேரத்தில் குறைதிறன் மோர்ஸ்காரர்கள் கூடும் 21.060 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் காது கொடுங்கள். மெல்லிய குரலானாலும் பதில் சொல்லுங்கள்.