பஞ்சு மிட்டாய்: சூட்டின் மேல் போடும் பழி

கூடுவாஞ்சேரிக் கடைத்தெருவானாலும் மாமல்லபுரம் கடற்கரையானாலும், பஞ்சு மிட்டாயைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. அவ்வளவு சூட்டில் சர்க்கரையே நஞ்சாகிவிடும் என்பது ஒன்று. அவ்வளவு சூட்டில் எந்தச் சாயமும் எரிந்துபோகும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இயந்திரத்தின் நடுவில் சுழலும் கிண்ணத்தில் சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. சுழற்சி வேகத்தில் நுண்துளைகள் வழியே வெளியே வீசப்பட்டு, காற்று பட்டதும் இழையாக இறுகுகிறது. சூடு போதாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும், சர்க்கரை மணிமணியாகத் தெறிக்கும். மிஞ்சினால் புகையும், இழை பழுப்பேறிக் கசக்கும். ஆகவே கிண்ணம் நன்றாகச் சூடேறிய பிறகு சர்க்கரையைக் கொட்டி, இழை வரத் தொடங்கியதும் சூட்டைக் குறைத்து, புகையாத அளவில் நிறுத்துவதே முறை. கடற்கரையில் பஞ்சு சீக்கிரம் சுருங்கிப் பிசுபிசுப்பதற்குக் காரணம் காற்றின் ஈரம். அதற்காகச் சூட்டைக் கூட்டிப் பயனில்லை, உடனே பையில் போட்டுக் கட்டுவதுதான் வழி.

இனி சாயம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும், பிறகு 17ஆம் தேதி தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடையை அறிவித்தன. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததே காரணம். இங்கே கவனிக்க வேண்டியது, கிண்டி அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போனது சாயப்பொடி அல்ல, விற்பனைக்கு வந்த பஞ்சு மிட்டாய். சூட்டில் உருகி இழையாகி வந்த பின்னும் அதில் ரோடமின்-பி இருந்தது. சூடு அதை அழித்திருந்தால் ஆய்வில் எப்படி அகப்பட்டிருக்கும்? சர்க்கரை அந்தச் சூட்டில் இருப்பதோ சிறிது நேரம்தான். அந்தச் சாயம் கலந்ததை ஒருமுறை தின்றாலே புற்றுநோய் வரும் என்பது மிகை. அதை மறுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உணவில் அனுமதியே இல்லாத ஒரு பொருளுக்கு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற அளவும் கிடையாது. அதிலும் தின்பவர்கள் குழந்தைகள்.

வெளிர் ரோஜா நிறமாக இருந்தால் நல்லது என்பாரும் உண்டு. அனுமதி பெற்ற நிறமூட்டியும் அதே ரோஜா நிறத்தைத் தரும். கண்ணால் பிரித்தறிய முடியாது. சாயமே வேண்டாம் என்றால் ஏழை வியாபாரியின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. அந்தத் தவிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. என்றாலும் அவர் தொழிலுக்கு வேண்டியவை சர்க்கரையும் சூடும் சுழற்சியும்தான். சாயப்பொடி அந்தக் கணக்கில் வராது. 2024 மார்ச்சில் கர்நாடகம் செயற்கை நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாயை மட்டும் தடுத்து, வெள்ளைப் பஞ்சு மிட்டாயை விற்க விட்டது. அதே இயந்திரம், அதே சூடு, நிறம் மட்டும் இல்லை.