கோடு தரைக்கு மட்டும்தான்

திண்டுக்கல்

அன்பு மகளுக்கு,

போன வாரம் பஸ் ஏறும்போது நீ கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. "ஐயா, நாம குள்ளமா இருக்கிறதாலதான் ஹேண்ட்பால்ல இந்தியப் பெண்கள் வெளியே போய்த் தோத்துட்டு வர்றாங்களா?" என்றாய். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நானும் ஏதோ தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அப்படி ஆட்டியிருக்கக் கூடாது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

உயரம்தான் காரணம் என்று உனக்குச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் தென்கொரியப் பெண்கள் ஆடியதைப் பார்த்ததில்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம். 1992இல் பார்சிலோனாவில் மறுபடியும் தங்கம். இறுதி ஆட்டத்தில் 28-21 என்று தோற்றது நெடுநெடுவென்ற நார்வே அணி. 1995இல் உலகக் கோப்பையையும் வாங்கினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே அந்தக் கோப்பை போனது அதுதான் முதல் தடவை. 2004 ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 60 நிமிடம் ஆடியும் டென்மார்க்கும் கொரியாவும் சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சமம். இன்னொரு கூடுதல் நேரம், அதிலும் 34-34. கடைசியில் ஏழு மீட்டர் எறிதலில்தான் டென்மார்க் தங்கத்தைத் தட்டிப் பறித்தது. அந்தத் தோல்வியை வைத்து 2008இல் கொரியாவில் ஒரு திரைப்படமே எடுத்தார்கள். தோற்ற அணிக்குப் படம் எடுக்கும் ஊரில் அந்த விளையாட்டு எப்படி வளராமல் இருக்கும்?

அவர்களிடம் இருந்தது கால்வேகம். அதோடு, காற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படி, தாயி. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளைவு இருக்கிறதே, அதற்குள் கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடு தரைக்கு மட்டும்தான். அதற்கு மேலே இருக்கிற காற்று எல்லாருக்கும் பொது. கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி, உள்பக்கமாகத் தாவி, கால் தரையைத் தொடுவதற்குள் பந்தை விட்டுவிட்டால் கோல் செல்லும். நல்ல விங் ஆட்டக்காரி ஆறு மீட்டர் கோட்டில் கிளம்பி நாலு மீட்டர் தூரத்திலிருந்து எறிகிறாள் என்றால் கீப்பருக்குக் கண் சிமிட்டத்தான் நேரம். உயரமானவளுக்குக் கை நீளம். குட்டையானவளுக்குக் காற்றில் இரண்டு மீட்டர். இரண்டில் எது பெரிது என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

நம் பிள்ளைகள் ஏன் தாவுவதில்லை? இதைப் பற்றி எனக்கு ஒரு முடிவு உண்டு. கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நம் மைதானங்களில் அந்தக் கோடே இருப்பதில்லை. காலையில் சுண்ணாம்புத் தூளால் போடுகிறார்கள். ஆடி மாதம் சிறுமலைப் பக்கம் மேகம் திரள்கிற நாளில் நம் ஊர்க் காற்றைத்தான் உனக்குத் தெரியுமே, முதல் பாதி முடிவதற்குள் வளைவில் பாதி புழுதியோடு போய்விடும். கோடு எங்கே என்று தெரியாத பெண் என்ன செய்வாள்? நடுவர் விசில் ஊதிவிடுவாரே என்று பயந்து பின்னாலேயே கால் ஊன்றுவாள். ஒருநாள் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒரு பிள்ளையின் காலடித் தடத்தை மண்ணில் அளந்தேன். கோடு இருக்கவேண்டிய இடத்துக்கு முழுசாக மூன்று சாண் பின்னால் குதிகால் பதிந்திருந்தது. அடுத்த தாவல், அதற்கடுத்த தாவல், எல்லாமே அப்படித்தான். பத்து வருஷம் இப்படிப் பழகிய கால், பளபளக்கும் சர்வதேச உள்ளரங்கில் தெளிவான கோட்டைப் பார்த்ததும் திருந்திவிடுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஆம்பளைங்க விளையாட்டு" என்று உன் தெருவில் யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அது கேட்டு எனக்குக் கோபமே வந்தது. விளையாட்டு வரலாறு படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் குறித்துவைத்த முதல் குறிப்புகளில் ஒன்று இது. 1917 அக்டோபர் 29 அன்று பெர்லினில் மாக்ஸ் ஹெய்சர் என்பவர் ஹேண்ட்பால் விதிகளை எழுதி வெளியிட்டார். யாருக்காக? பெண்களுக்காக. அதை மாற்றி ஆண்களுக்கு ஏற்றதாக ஆக்கியவர் கார்ல் ஷெலன்ஸ், அது 1919இல். அப்புறம் நடந்ததைப் பார்: ஆண்கள் 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே திறந்தவெளியில் ஆடிவிட்டார்கள், பெண்கள் 1976 மாண்ட்ரியல் வரை காத்திருந்தார்கள். தங்களுக்கென்று எழுதிய விளையாட்டுக்குள் நுழைய 59 வருஷம்! அந்தத் தெருக்காரரிடம் இந்தத் தேதிகளைச் சொல். சொல்லிவிட்டு உடனே பயிற்சிக்குப் போய்விடு, அங்கே நின்று வாதாடாதே.

நம் அணி விஷயத்துக்கு வருகிறேன். தெற்காசியாவில் நாம் வலுவான அணி. 2016 குவாஹாட்டி, 2019 காத்மாண்டு இரண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் நமக்குத்தான். ஜப்பானையோ கொரியாவையோ சந்திக்கும்போதுதான் கோல் வித்தியாசம் கண்ணைக் கட்டுகிறது. 2024 டிசம்பரில் ஆசியப் போட்டி டெல்லியிலேயே நடந்தது. ஜப்பான் 25-24 என்று கொரியாவை வென்றது. அவ்விரண்டோடு கஜகஸ்தானும் ஈரானும் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன, நாம் பெறவில்லை. நம் சீனியர் பெண்கள் உலகக் கோப்பையில் இதுவரை ஆடியதே இல்லை. டென்மார்க்கில் ஒரு பெண் குளிர்காலம் முழுக்க வாராவாரம் கிளப்புக்காக லீக் ஆட்டம் ஆடுகிறாள். நம் பெண்ணுக்கு ஒரு தேசியப் போட்டி, ஒரு பல்கலைக்கழகப் போட்டி, அதற்குமேல் ஒரு முகாம். பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள தூரம் அது.

ஆடக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்தில் மோர்சிங்கி என்று ஒரு கிராமம். ஸ்நேகலதா என்ற முன்னாள் வீராங்கனையும் அவர் கணவரும் அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் பயிற்சி கொடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் அல்மாட்டியில் நம் ஜூனியர் பெண்கள் தாய்லாந்தை வென்று ஆசியக் கோப்பையை வாங்கினார்களே, அந்த அணியில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அதே வருஷம் அவர்கள் ஸ்லோவேனியாவில் ஜூனியர் உலகக் கோப்பையிலும் ஆடினார்கள். மலைக் கிராமம், தாயி. நம்மைப் போல நாலு திசைக்கும் பஸ் ஓடுகிற ஊர்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிடு. வரும்போது நாகல் நகர்க் கடையில் எட்டு மீட்டர் தேங்காய் நார்க்கயிறு வாங்கிக்கொள், பணம் நான் தருகிறேன். ஒவ்வொரு கோல் கம்பத்தின் அடியிலும் ஒரு முனையைக் கட்டி, ஆறு மீட்டரில் முடிச்சுப் போட்டு, வளைவை மண்ணில் கீறி, அதில் செங்கல் பதித்துவிடுவோம். காற்றடித்தாலும் நிற்கும். உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வா. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் ஐயா