இரத்தமும் இருப்பிடமும்

சென்ற பௌர்ணமியன்று செகந்திராபாத்தில் நாம் ஐந்தாம் சீலத்தை விளக்கி முடித்தபின் ஓர் அம்மையார் எழுந்து, "ஐயா, இவன் தகப்பன் குடித்தே மாண்டார், அவருடைய தகப்பனும் அவ்வாறே. இரத்தத்தில் உள்ளதைச் சீலம் தடுக்குமா?" என்று வினவினார். அருகே அவருடைய பதினான்கு வயது மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். பிறப்பிலேயே மனிதனின் தகுதி முடிந்துவிட்டது என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர் நம்மவர். ஆதலின் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. படித்து அறிந்ததை இங்கு உரைப்போம்.

இரத்தத்திற்குப் பங்கே இல்லை என்பது பொய். சுவீடன் நாட்டில் பிறர் வீட்டில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 18,000-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, கென்னத் கெண்ட்லர் என்னும் மனநோய் அறிஞரும் துணைவரும் 2012-இல் முடிவு வெளியிட்டனர். பெற்றோருள் ஒருவரேனும் போதைப்பொருளுக்கு ஆட்பட்டிருந்தால், அவர் பிள்ளைகளுள் நூற்றுக்கு 8.6 பேர் அவ்வழிச் சென்றனர். ஏனையோர் பிள்ளைகளுள் 4.2 பேர் சென்றனர். இரு மடங்கு என்பது சிறிதன்று. ஆயினும் அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பாருங்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் அவ்வழிச் செல்லவில்லை. மேலும், வளர்த்த வீட்டில் குடியும் குற்றமும் பிரிவும் மிகுந்திருந்தபோதே பிறப்பின் வலியும் மிகுந்து தோன்றிற்று.

இது தனியொரு மரபணுவின் வேலையுமன்று. சிறுசிறு பங்குடைய பல மரபணுக்கள் கூடிச் செய்வது. ஒரு சாதிக்கென்று குடிகார இரத்தம் உண்டு என்பார்க்கு இதில் இடமே இல்லை. 2017-இல் ஐதராபாத்தில் ஆயத்தீர்வைத் துறையினர் போதைப்பொருள் வழக்கைத் துருவியபோது, பெயர் பெற்ற பள்ளிகளின் மாணவரும் திரைப்படத் துறையினரும் அல்லவோ விசாரணைக்குள் வந்தனர்!

அதே கெண்ட்லர் குழுவினர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து இரட்டையரை ஆராய்ந்து 2008-இல் கூறியது நமக்கு இன்னும் முக்கியமானது. இளம்பருவத்தின் தொடக்கத்தில் மது, புகை, கஞ்சா ஆகியவற்றின் பழக்கத்தை ஆள்வது பெரிதும் வீடும் சூழலுமே. பிறப்பின் பங்கு வயது ஏறஏறவே வளர்கிறது. அதாவது, முதல் மிடற்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பது இரத்தமன்று, நாம்.

நாம் என்று எழுதுவது வழக்கத்திற்காக மட்டுமன்று. ஆலையில் உழைத்த காலத்தில், சம்பள நாளன்று கள்ளுக் காம்பவுண்டுக்குச் சிறுவர் கையில் பாத்திரம் கொடுத்து அனுப்பியவருள் நாமும் ஒருவர். வழியில் அவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியும், சிரித்துக்கொண்டோம்.

நகரில் மூடப்பட்டிருந்த கள்ளுக் கடைகள் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 2025 ஜூலையில் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் அருந்திப் பலர் மாண்டனர். அக்கள்ளில் அல்பிரசோலம் கலந்திருந்தது. மனப்பதற்றத்திற்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து அது. பழகிய உடல் அதனைத் திடீரென இழந்தால் நடுக்கமும் வலிப்பும் காணும். 2015-இல் நிஜாமாபாத் பக்கம் கலப்படத்தைத் தடுத்தபோது திரள்திரளாக மக்கள் மருத்துவமனைக்கு ஓடியது இதனாலேயே. அத்தகைய கள்ளைக் குடித்தவன் தள்ளாடினால், அவன் பாட்டனைப் பழிப்பதா, கலந்தவனைப் பிடிப்பதா?

அம்மையாரிடம் நாம் கேட்டது ஒன்றே: வீட்டிற்குக் கள் வாங்கி வருபவர் யார்? தாய்மாமனுக்காகப் பையனே போய்வருவதாகச் சொன்னார். அன்று மாலையே அம்மாமனைக் கண்டோம். முதலில் சினந்தார், பின்னர், தம் கள்ளைத் தாமே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். விட்டுவிடுவதாக இன்னும் சொல்லவில்லை.