இலையோடு நிறுத்துங்கள்

கேள்வி: லண்டனில் இருந்தபோது ஏப்ரல் பிறந்தால் காட்டுப்பூண்டு இலை பறித்துத் துவையல் அரைப்பேன். இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே சந்தையில் ‘ராம்ப்ஸ்’ என்று விற்பதும் அதே செடிதானா? நானே போய்ப் பறிக்கலாமா?
— ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: பங்காளிச் செடிகள்தான், ஒரே செடி அல்ல. லண்டனில் நீங்கள் பறித்தது ஐரோப்பாவின் ‘அல்லியம் உர்சினம்’. ராம்ப்ஸ் என்பது ‘அல்லியம் ட்ரைகாக்கம்’. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வளர்வது.

பூக்கும் காலத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உர்சினம் இலை பச்சையாக இருக்கும்போதே வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். ராம்ப்ஸோ, மேலே மரங்கள் தழைத்து நிழல் விழுந்ததும் இலை வாடி, ஜூன் ஜூலையில் மொட்டைத் தண்டில் பூக்கும். அதன் இலைக்காம்பு பெரும்பாலும் சிவந்திருக்கும். காம்பு வெளுத்து, இலை ஒடுங்கிய ரகமும் உண்டு. உர்சினம், ராம்ப்ஸ் இரண்டிலுமே பல் பல்லாக உரிக்க எதுவும் இல்லை. அடியில் இருப்பது வெங்காயத்தாளின் அடிபோல் ஒல்லியான குமிழ்தான்.

பறிப்பதில்தான் கவனம் வேண்டும். உர்சினம் பிடித்த இடத்தில் காட்டுத்தரையையே மூடிவிடும். ராம்ப்ஸ் மகா நிதானம்: விதை முளைக்கவே ஒன்றரை ஆண்டு ஆகலாம்; முளைத்தது பூத்து விதை தர இன்னும் 5 முதல் 7 ஆண்டுகள். சந்தைக்காகக் குமிழோடு தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது. கியூபெக்கில் 1995 முதல் விற்பனைக்குத் தடை; சொந்தச் சமையலுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 50 குமிழ்தான். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் 2004 முதல் பறிக்கவே கூடாது. உங்கள் ஊர்ப் பூங்காக்களிலும் கைவைக்காதீர்கள். தெரிந்தவர் நிலமென்றால் கேட்டுக்கொண்டு, செடிக்கு ஓர் இலை மட்டும் கிள்ளுங்கள். குமிழ் மண்ணிலேயே இருக்கட்டும்.

விஷச்செடியான ‘லில்லி ஆஃப் தி வேலி’யின் இலையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கசக்கி முகர்ந்தால் போதும் என்பார்கள். நான் அதை மட்டும் நம்பமாட்டேன். நாலு இலை பறித்த கையில் எதைக் கசக்கினாலும் பூண்டுதான் மணக்கும்! அடிமண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். ராம்ப்ஸ் என்றால் வெள்ளைக் குமிழ் தெரியும். லில்லிக்குக் குமிழே கிடையாது, வேர்த்தண்டு படுக்கைவாட்டில் ஓடும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

துவையலுக்கு உர்சினமும் ராம்ப்ஸும் ஒன்றுதான். நெடுநேரம் வதக்கினால் வாசம் போய்விடும்; சூடான எண்ணெயில் ஒரு புரட்டு போதும்.