பழைய காருக்குக் குளிர்காற்றுக் குழாய்: உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பழைய காருக்கு வீட்டிலேயே குளிர்காற்றுக் குழாய் செய்து மாட்ட நினைப்பவர்கள் ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: காற்று வாங்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கப்போகிறது? ஃபில்டர் என்ன பிராண்டு, குழாய் எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு இன்ஜினைப் பறிகொடுத்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

என்னுடையது 2003 மாடல் மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு. வாங்கும்போதே ஏர் கிளீனர் பெட்டியின் முன்குழாய் இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே வண்டி குடித்துக்கொண்டிருந்தது. வெளியே 38 டிகிரி இருக்கையில் உள்ளே 68 டிகிரி காற்று போனால், அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும்; பிக்கப் போய்விடும். சூட்டினால் நாக்கிங் வேறு. இதை வீண் ஆடம்பரம் என்பவர்கள் மே மாத மதியத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறிப் பார்க்கட்டும்.

முதலில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில்தான் கொடுத்தேன். கூம்பு ஃபில்டரை முன் பம்பருக்குள், ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் வைத்தார்கள். மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “கீழ இருந்தாதான் சார் ஜில்லுனு காத்து வரும், நூறு வண்டிக்கு மாட்டியிருக்கோம்” என்றார் கடைக்காரர்.

ஐப்பசி மழையில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீர் பாதி டயர் அளவுகூட இல்லை. பக்கத்தில் போன பஸ் கிளப்பிய அலை பம்பருக்குள் அடித்தது, வண்டி நின்றுவிட்டது. கடைக்குப் போன் செய்ததும் ஆள் அனுப்பினார்கள். செல்ஃப் போட்டார், சுற்றவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். “நீங்க விடுங்க சார்” என்று கயிறு கட்டி இழுத்து, செகண்ட் கியரில் கிளட்சை விட்டார். ஒரே சத்தம். கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது.

காரணம் எளிது. இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறக்குறைய 40 மில்லிதான். அரை டீ கிளாஸ்கூட வராது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது, ராட்தான் வளையும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் போட்டிருந்தால் தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சியிருக்கும், இன்ஜின் தப்பியிருக்கும். இன்ஷூரன்ஸிலும் கைவிரித்தார்கள், தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டுமாம். பழைய வண்டிக்கு அதைத் தரவே பல கம்பெனிகள் தயங்கும். மொத்தச் செலவும் என் தலையில் விழுந்தது. கடைக்காரர் ஃபில்டருக்கான காசைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அதன்பிறகு நானே செய்தேன். கம்பெனி ஏர் கிளீனர் பெட்டியையும் காகித ஃபில்டரையும் மாற்றவில்லை. நம் ஊர்த் தூசிக்கு அதுதான் சரி. திறந்த கூம்பு ஃபில்டர் தருவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தத்தைப் பவர் என்று நம்பும் நண்பர்களுக்கு என் ஏற்பாடு பிடிக்கவில்லை, பரவாயில்லை.

புதுப்பேட்டைக்குப் போனால் எல்லாச் சாமானும் கிடைக்கும். பெட்டியின் வாயிலிருந்து ஒரு குழாயை ரேடியேட்டருக்கு முன்னால், பானெட் விளிம்பை ஒட்டி, ஹெட்லைட்டின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். உள்விட்டம் பெட்டியின் வாயைவிடக் குறையக் கூடாது. சாதாரண பி.வி.சி. இந்தச் சூட்டில் இளகித் தொய்ந்துவிடும், சி.பி.வி.சி. அல்லது அலுமினியம் வாங்குங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிசிறைத் துணியால் துடைத்தெடுங்கள். வாயில் கம்பி வலை, குழாயின் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று, மழைச்சாரல் அதில் வடிந்துவிடும். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் பிரீத்தர் ஹோஸையும் வெப்பநிலை சென்சாரையும் தொடவே தொடாதீர்கள். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. அதனால் இடையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் கட்டாயம்.

குதிரைசக்தி கூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி கொடுத்த 85 குதிரைசக்தியில் வெயில் தின்றது திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் வெயில் காலத்தில் மேம்பாலத்தில் தேர்டு கியரிலேயே ஏறுகிறது, நாக்கிங் இல்லை. அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களிலும் ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது.

கடையில்தான் கொடுப்பேன் என்பவர்கள், பம்பருக்குள் ஃபில்டர் வைக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் புகுந்தால் இன்ஜின் செலவு யாருடையது? பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடையில் பானெட்டைத் திறக்காதீர்கள்.