பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்?

தையல் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகிறோம். "முன்னாடி எவ்வளவு சம்பளம் வாங்கினே?" என்று சூப்பர்வைசர் கேட்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்று மனசு சொல்லும்.

பொய் வேண்டாம். சம்பளச் சீட்டையோ பி.எஃப். பாஸ்புக்கையோ கேட்டால் கணக்கு தெரிந்துவிடும். வேலையும் போகும், பேரும் கெடும்.

ஆனால் நம்மில் பலர் செய்யும் தவறு வேறு. குறைத்துச் சொல்லிவிடுகிறோம்! ஒரு கணக்குப் பார்ப்போம்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து: 10,000 ரூபாய்
பி.எஃப். 12 சதவீதம்: 1,200 ரூபாய்
இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம்: 75 ரூபாய்
கைக்கு வருவது: 8,725 ரூபாய்

நாம் "எட்டாயிரத்து எழுநூறு" என்கிறோம். உண்மையான சம்பளம் பத்தாயிரம் தானே! பிடித்த பணமும் நம்ம உழைப்புதான். கம்பெனி வண்டி, சாப்பாடு இலவசமாக இருந்திருந்தால் அதையும் சொல்லுவோம்.

பழைய சம்பளத்தை உள்ளபடி சொன்ன பிறகு, "இந்த வேலைக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன்" என்று தனியாகக் கேட்போம். கேட்பது பொய்யல்ல. முன்பு குறைவாக வாங்கினோம் என்பதற்காக, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாரும் தரக்கூடாது என்பதையும் நினைவில் வைப்போம்.

வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சம்பளச் சீட்டோடு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பழகுவோம்.