நம்மூர்ப் பருவங்களும் நூல் வண்ணங்களும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

பூத்தையல் என்றதும் ரோஜாப்பூ, கிளி, 'நல்வரவு' ஆகிய மூன்றும் நம் நினைவுக்கு வரும். இவற்றைக் கடந்து இயற்கைக் காட்சி ஒன்றைத் தைக்க விரும்புவோர் மாதிரிப் புத்தகத்தை நாடுகின்றனர். அதிலுள்ள பருவங்கள் நான்கு. ஒன்றில் பனி மூடிய கூரை. மற்றொன்றில் செந்நிற இலைகளை உதிர்க்கும் மரம். பனிக்கட்டியைக் கண்ணாலும் காணாத நாம் அதை வெள்ளை நூலால் நிரப்பி மகிழ்கிறோம். நானும் அவ்வாறு தைத்தவளே. புகைபோக்கி வைத்த அந்த வீடு இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

எங்கள் ஊர் தளவாய்புரம் நைட்டி தைப்பதற்குப் பேர் போனது. தெருவுக்குத் தெரு தையல் எந்திரம் ஓடும் ஊரிலிருந்து வந்து நூலைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். எனினும், எந்திரம் கழுத்துப் பட்டியில் ஒரே பூவை நூறு முறை போடும். ஆடி மாதத்து மலையைப் போடச் சொன்னால் போடாது. அதற்குக் கண் வேண்டும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆனால் நம் பகுதியில் நின்று பார்ப்பவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இங்கே இறங்குகிறது. முகட்டில் கருமேகம் கட்டி நிற்கும். கீழே கரிசல் காட்டில் புழுதி பறக்கும். ஆக, ஆடி மாதத்தைத் தைப்பவர் துணியின் மேற்பாதியில் மழைக்காலத்தையும் கீழ்ப்பாதியில் கோடையையும் தைக்க வேண்டியவராகிறார். எந்த மாதிரிப் புத்தகத்திலும் இதற்குப் படம் இல்லை.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். நான் முதன்முதலாக மலையைத் தைத்தபோது கரும்பச்சை நூலை எடுத்தேன். மலையில் மரங்கள் இருக்கின்றன, மரம் பச்சை, எனவே மலை பச்சை என்பது என் கணக்கு. எந்திரத்தில் வேலையாயிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மலை என்னைக்குடி பச்சையா இருந்துச்சு? வாசல்ல வந்து பாரு" என்றார். வந்து பார்த்தேன். மலை நீலமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக அதன் எதிரிலேயே வாழ்ந்திருக்கிறேன்!

காரணம் நம் பாடத்திலேயே உள்ளது. காற்றிலுள்ள மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுடைய நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்பதை ராலே விளக்கினார். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றின் நீலம் மரத்தின் பச்சைமேல் திரைபோல் படிகிறது. கோடையிலோ காற்றில் தூசு மிகும். தூசுத் துகள் பெரிதாகையால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். மலை வெளிறிச் சாம்பலாகும். கார்த்திகை மழை தூசைக் கழுவியதும் அதே மலை கையெட்டும் தூரத்துக்கு வந்ததுபோல் கருநீலப் பச்சையாய் நிற்கும். எனவே பருவத்தைக் காட்ட மலை ஒன்றே போதும். சித்திரைக்கு வெண்சாம்பல் நீலம், கார்த்திகைக்கு மயிற்கழுத்து நிறத்தில் சற்றுக் கருமையானது என நூல்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பொழுதையும் மறக்கலாகாது. மலை நமக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் நேரே அதன் முகத்தில் விழுந்து பள்ளம் மேடுகளைக் காட்டும். மாலையில் கதிரவன் பின்னே போய்விட, ஒரே நிற நிழலுருவாகிவிடும். காலை மலைக்கு மூன்று நான்கு சாயல் நூல் தேவை. மாலை மலைக்கு ஒன்றே போதும். நூல் குறைவாக வாங்கக்கூடியவர் மாலையைத் தைப்பது நலம்!

நூலைத் தனியே வைத்துப் பார்த்தபோது இருந்த நிறம், துணியில் ஏறியதும் மாறிவிடுவதைத் தைப்போர் அனைவரும் அறிவர். பாரிசில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவின் தலைவராயிருந்த வேதியியல் அறிஞர் செவ்ரேல் என்பவரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக உள்ளது என்று ஒரு குறை வந்தது. அவர் ஆராய்ந்தார். சாயத்தில் குற்றமில்லை, அந்தக் கறுப்பின் பக்கத்தில் வைத்த நிறங்களே அதை மங்கச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்னும் அவ்விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். இதை நான் படித்தறியுமுன் பட்டறிந்தேன். நாற்றின் இளம்பச்சையை ஒட்டிச் சாம்பல் நூலில் வரப்பைத் தைக்க, வரப்பு இளஞ்சிவப்பாகத் தோன்றியது. பச்சை கலந்த சாம்பலை மாற்றியபின்தான் வரப்பு வரப்பாயிற்று. ஆகவே நூல்களை வாங்குமுன், துணியில் எந்த வரிசையில் வரப்போகின்றனவோ அதே வரிசையில் ஓர் அட்டையில் சுற்றி, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். அதையும் கடையின் குழல் விளக்கில் பாராமல் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரு பச்சைகள் வெயிலில் வெவ்வேறாகிவிடும்.

இனித் தையல் வகை. தொலைவிலுள்ளதற்கு ஓரிழை, தட்டையான தையல். அருகிலுள்ளதற்கு மூன்று இழை, புடைப்பான தையல். இதை மாற்றினால் மலை மூக்கின்மேல் வந்து நிற்கும். மலைக்கு லாங் அண்ட் ஷார்ட் தையலைச் சரிவின் போக்கிலேயே இட வேண்டும். மெர்சரைசு செய்த பருத்தி நூலின் மினுமினுப்பு இழை ஓடும் திசையைப் பொறுத்தது. ஒரே நூலை இரு திசைகளில் தைத்தால் இரு நிறம்போல் தோன்றும். செலவில்லாமல் ஒரு சாயல் நமக்கு மிச்சம். வானத்தைத் தைக்காதீர்கள். வானத்து நிறத்திலேயே துணியை எடுத்து, வெறுமையாக விட்டுவிடுங்கள். பனைக்கு அடிமரம் காம்புத் தையல், ஓலை விசிறிபோல் நேர்த்தையல். தென்னைக்கு மீன்முள் தையல். வெடித்த பருத்திக்குப் பிரெஞ்சு முடிச்சு.

நெல்லுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். நாற்று மஞ்சள் கலந்த பச்சை. நட்டு வேர் பிடித்தபின் கரும்பச்சை. தையில் கதிர் மட்டும் பொன்னிறம், தாளில் இன்னும் பச்சை மிச்சமிருக்கும். முழு மஞ்சளாகத் தைத்தால் வைக்கோற்போர் போலிருக்கிறது. பூத்தையல் நூலின் ஆறு இழைகளைப் பிரித்து, பச்சையில் ஓரிழையும் மஞ்சளில் ஓரிழையும் ஒரே ஊசியில் கோத்துப் பாருங்கள். தொலைவிலிருந்து நோக்க இரண்டும் கண்ணிலேயே கலந்து, முற்றும் விளையாத வயல் எழுந்து நிற்கும். மழையை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓரிழைச் சாம்பலில், இடைவெளி விட்டுச் சாய்வாக இடுக. நீல நூலால் மழை தைப்பவரை நான் மன்னிப்பதில்லை.

சாயம் போகுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய சிவப்பு நூலால் சித்தி மகளுக்குத் தலையணை உறையில் கல்யாண முருங்கைப் பூ தைத்தேன். முதல் சலவையிலேயே உறை முழுதும் பூத்துவிட்டது. நேர்ச்சாயங்கள் பருத்தியை இறுகப் பற்றுவதில்லை. 1956-இல் விற்பனைக்கு வந்த வினைபடு சாயங்களோ செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பே கொள்கின்றன. கடையில் இதைக் கேட்டால் விழிப்பார்கள். நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், அதுவே போதும்.

இப்போது நான் தைத்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டுப் பின்புறத்து வயல். அப்பா குத்தகைக்கு உழுதது. கார்த்திகைக் காலை, மலை கருநீலம், நடவு முடிந்து இருபது நாள் ஆன பயிர் என்று திட்டமிட்டு, மலையை முடித்துவிட்டேன். வயலுக்கு வருமுன் அங்கே மனைக்கற்கள் நட்டுவிட்டார்கள். இவ்வாண்டு நடவு இல்லை. அட்டையில் சுற்றிய ஏழு பச்சைகளும் அப்படியே இருக்கின்றன. நினைவிலிருந்து தைத்துவிடலாமே என்கிறாள் தோழி. கண்ணால் காணாத பனியைத் தைத்தவளுக்கு அது எளிதுதான். அப்பாவிடம் கேட்டேன். "கல்லு மேல காலை வெயில் அடிக்கையில வெள்ளையாவா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். மறுநாள் போய்ப் பார்த்தேன். வெயில் படும் பக்கம் வெண்மஞ்சள், மறுபக்கம் மலையின் அதே நீலம். அதற்கு ஓரிழையில் சாட்டின் தையல் சரியாக வருகிறது. பதினொரு கற்களில் நான்கு முடிந்திருக்கின்றன.